நெல்லில் வருவது லட்சுமியா, நோயா?

நெற்கதிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் உருண்டை தெரிந்தால் அந்தக் காலத்துப் பெரியவங்க கவலைப்பட மாட்டாங்க. "லட்சுமி வந்திருக்கா, இந்த வருஷம் வெள்ளாமை நல்லா இருக்கும்" என்பார்கள். 'லட்சுமி நோய்' என்ற பேரே அப்படி வந்ததுதான். வேளாண்துறை இதை நெற்பழ நோய் என்கிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றி, உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கமெல்லாம் ஏரித் தண்ணியை நம்பிச் சம்பா நடுகிறோம். கதிர் வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகச் சேரும்போது இந்த உருண்டையும் வரும்.

இது பழம் இல்லை. பெருத்த நெல்மணியும் இல்லை. நெல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு பூஞ்சணம்.

பூவை ஏமாற்றும் பூஞ்சணம்

பூஞ்சணம் செடியும் இல்லை, விலங்கும் இல்லை. செடி மாதிரி வெயிலில் சோறு ஆக்கத் தெரியாது. நூல் நூலாக வளர்ந்து, இருக்கும் இடத்திலேயே சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

நெற்பழப் பூஞ்சணம் பூ மலர்வதற்கு முன்பே, கதிர் இன்னும் தொண்டையில் இருக்கும்போது, உமி இரண்டும் சேரும் சந்து வழியாக உள்ளே போய்விடுகிறது. முதலில் மகரந்தக் காம்புகளைப் பிடிக்கிறது. அந்தப் பூவில் கருக்கட்டல் நடப்பதில்லை. ஆனால் பயிர், கரு உண்டானதாகவே நினைத்து, மணிக்குப் போக வேண்டிய சத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைத் தின்று பூஞ்சணம் உருண்டையாகி உமியைப் பிளந்து வெளியே வருகிறது. முதலில் மஞ்சள், பிறகு பாசிப்பச்சை, கடைசியில் கரும்பச்சை. தொட்டால் கையில் ஒட்டும் பொடி முழுக்க அதன் வித்துகள். குளிர் கூடினால் கடினமான கறுப்புக் கட்டியும் உண்டாகும். அது மண்ணில் கிடந்து, அடுத்த போகத்தில் குண்டூசி மாதிரி குட்டிக் காளானாக முளைத்து வித்தைத் தூவும்.

இதை முதன்முதலில் உலகத்துக்கு எழுதிச் சொன்னது நம்ம மாநிலத்து நெல்லை வைத்துத்தான். திருநெல்வேலியில் இருந்து போன மாதிரியைப் பார்த்து, 1878-ல் குக் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பேர் வைத்தார். கரிப்பூட்டை வகை என்று நினைத்து அந்த இனத்தில் சேர்த்துவிட்டார். பிறகுதான் இது கரிப்பூட்டையே இல்லை, கம்பில் வரும் தேன் ஒழுகல் நோயின் உறவு என்று தெரிந்தது. வேர் அழுகலுக்குப் போடும் டிரைக்கோடெர்மாவும், புழுவுக்குத் தெளிக்கும் பிவேரியாவும் இதே வரிசையில் தூரத்துச் சொந்தம். அந்தப் பிவேரியாதான் பட்டுப்புழுவுக்குச் சுண்ணாம்புக்கட்டி நோயையும் கொண்டுவரும். பட்டுக்காரருக்குச் சத்துரு, நமக்குக் கூட்டாளி! ஆக, பூஞ்சணம் என்றாலே கெட்டது என்பதும் தப்பு, எல்லாம் நல்லது என்பதும் தப்பு.

பாதி உண்மை

பெரியவங்க சொன்னது முழுப் பொய் இல்லை. நல்ல மழை, செழித்த மண், அடர்ந்த பயிர் இருந்தால் விளைச்சல் கூடும். இந்த நோய்க்கும் அதே நிலைமைதான் பிடிக்கும். இரண்டும் ஒரே வயலில் தெரிந்ததால், ஒன்றை மற்றொன்றின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் உருண்டை வந்த கதிரில் பக்கத்து மணிகள் பதராகும், எடை குறையும். இந்தப் பூஞ்சணத்தில் நஞ்சும் உண்டு. அதனால் உருண்டை கலந்த நெல்லையோ தவிட்டையோ மாட்டுக்கு வைக்கக் கூடாது.

விதையில்தான் ஆபத்து

இயற்கை உழவர்களான நாம் விதையைக் கடையில் வாங்குவதில்லை. எடுத்து வைக்கிறோம், கைமாற்றிக்கொள்கிறோம். லட்சுமி என்று விட்டுவைத்த கதிரின் பொடி விதைநெல்லில் ஒட்டினால், பாரம்பரிய ரகத்தோடு நோயும் ஊர் ஊராகப் போகும். செய்ய வேண்டியவை:

• உருண்டை கண்ணில் பட்டபின் எதைத் தெளித்தும் பயனில்லை. காற்று அடங்கிய காலை ஈரத்தில், கதிரை உதறாமல் பைக்குள் விட்டு வெட்டுங்க. எரிக்கலாம், ஆழமாகப் புதைக்கலாம். எருக்குழியிலோ வாய்க்காலிலோ போட வேண்டாம்.

• நோய் கண்ட வயலில் விதை எடுக்காதீங்க. வேறு வழியில்லாத அரிய ரகம் என்றால், முட்டை மிதக்கும் உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதை நீக்கி, நல்ல தண்ணியில் அலசி, 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்து எடுங்க. முதலில் ஒரு கைப்பிடியில் செய்து முளைப்பைப் பாருங்க.

• தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீங்க. கோழி எருவில் வந்தாலும் யூரியாவில் வந்தாலும் மிஞ்சினால் நோய்க்குத்தான் விருந்து.

• வரப்புப் புல்லைச் சுத்தமாக வைங்க. இடைவெளி விட்டு நடுங்க.

விதைத் திருவிழாவுக்கு நெல் கொண்டு போகும்போது, எந்த வயலில் எடுத்தது, உருண்டை இருந்ததா என்று ஒரு சீட்டில் எழுதி மூட்டையில் கட்டுங்க. வாங்குபவரும் கேட்டு வாங்குங்க.