ஓர் எழுத்து, பன்னிரண்டு இலக்கங்கள்

ஏடும் எண்ணும் – 7

லீட்ஸ் நகரில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியின் குடும்பம் பிரிஸ்டலுக்கு வீடு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பள்ளியின் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்ட 15 பள்ளி நாட்களுக்குள், அவளைப் பற்றிய ஒரு கணினிக் கோப்பு புதிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அலுவலகத்தில் வேலை அதிகம், அப்புறம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சிப் பராமரிப்பில் இருக்கும் பள்ளிகளுக்கு, 2005-ஆம் ஆண்டின் மாணவர் தகவல் ஒழுங்குவிதிகள் இதைச் சட்டக் கடமையாக்கியிருக்கின்றன.

அந்தக் கோப்புக்குப் பெயர் 'காமன் டிரான்ஸ்ஃபர் ஃபைல்'. பள்ளி அலுவலகங்களில் சி.டி.எஃப். என்பார்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் தொடர்பு விவரம், வருகைப் பதிவு, மதிப்பீடுகள், சிறப்புக் கல்வித் தேவை ஏதும் உண்டா என்ற குறிப்பு ஆகியவை, எக்ஸ்.எம்.எல். வடிவத்தில், எந்த விவரம் எந்தப் பெயரின் கீழ் வர வேண்டும் என்ற கண்டிப்பான வரிசையில் அதில் இருக்கும். பழைய பள்ளி 'சிம்ஸ்' மென்பொருளைப் பயன்படுத்தலாம். புதிய பள்ளி 'ஆர்பர்' அல்லது 'பிராம்காம்' வாங்கியிருக்கலாம். இரண்டுக்கும் இந்தக் கோப்பை எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கோப்பு மின்னஞ்சலில் போவதில்லை. கல்வித்துறை நடத்தும் 'ஸ்கூல் டு ஸ்கூல்' என்ற பாதுகாப்பான தளத்தின் வழியாகப் போகிறது.

சென்ற வாரம் அமெரிக்காவின் எஸ்.ஐ.எஃப். தரநிலையைப் பார்த்தோம். நூலகம், உணவகம், பேருந்து, மதிப்பெண் என்று பள்ளியின் ஒவ்வொரு மென்பொருளும் நடுவில் இருக்கும் ஒரு பரிமாற்றச் சேவையகத்தோடு பேசும். ஓரிடத்தில் மாணவரைச் சேர்த்தால் எல்லா இடத்திலும் சேர்ந்துவிடும். பத்து மென்பொருள்களை இரண்டிரண்டாக இணைக்க 45 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒன்று இருந்தால் 10 போதும் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. இங்கிலாந்திலும் அதைக் கொண்டுவர முயன்றார்கள். பள்ளிகளின் தொழில்நுட்பத்துக்கான அரசு அமைப்பான 'பெக்டா' அதை முன்னெடுத்தது. 2010-இல் ஆட்சி மாறியதும் பெக்டாவை மூடுவதாக அறிவித்தார்கள், 2011-இல் மூடினார்கள். எஸ்.ஐ.எஃப். அங்கே வேர் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் 'வோண்டே' போன்ற தனியார் நிறுவனங்கள் புகுந்தன. பள்ளியின் மென்பொருளிலிருந்து தரவை எடுத்து, கற்றல் செயலிகளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அவற்றின் தொழில்.

நிலைத்து நின்றது அந்தச் சாதாரணக் கோப்புதான். அது எல்லா மென்பொருளையும் எல்லாவற்றோடும் இணைக்க ஆசைப்படவில்லை. பிள்ளை பள்ளி மாறும்போது அவளுடைய விவரமும் உடன் போக வேண்டும் என்ற ஒரே வேலையை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு வேலைக்குப் பின்னால் சட்டம் நின்றது. தரநிலைகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். குறுகிய நோக்கமும் அதைச் செய்யாவிட்டால் கேள்வி கேட்க ஒருவரும் இருந்தால், தொழில்நுட்பம் சுமாராக இருந்தாலும் காரியம் நடந்துவிடுகிறது.

பிள்ளை எங்கே போனாள் என்று தெரியாவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சேரும் பள்ளியின் எண்ணுக்குப் பதிலாக ஏழு 'எக்ஸ்' எழுத்துகளைப் போட்டுக் கோப்பை அனுப்ப வேண்டும். அது தளத்திலேயே காத்திருக்கும். ஏதாவது ஓர் ஊரில் அந்தப் பிள்ளை ஒரு பள்ளிக்கு வந்து சேர்ந்தால், உள்ளாட்சி அதிகாரி தேடி எடுத்துக் கொடுக்கலாம். வெளிநாடு போனவர்களுக்கும் தனியார் பள்ளிக்குப் போனவர்களுக்கும் ஏழு 'எம்'. இன்னொரு விதிவிலக்கும் உண்டு: வன்முறைக் கணவனிடமிருந்து குழந்தையோடு தப்பி ஓடும் தாயின் விவரத்தை வழக்கமான வழியில் அனுப்ப வேண்டாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. எப்போது பகிரக் கூடாது என்பதையும் சேர்த்து யோசித்தவர்கள் எழுதிய விதி அது.

அந்தச் சிறுமியை அடையாளம் காட்டுவது யு.பி.என். என்ற தனித்துவ மாணவர் எண். 1990-களின் இறுதியில் வழக்கத்துக்கு வந்தது. மொத்தம் 13 இடங்கள். முதலில் ஓர் எழுத்து. அடுத்த மூன்று இலக்கங்கள் உள்ளாட்சி, அதற்கடுத்த நான்கு பள்ளி, பிறகு எண் வழங்கிய ஆண்டுக்கு இரண்டு, கடைசி மூன்று வரிசை எண். முதலில் இருக்கும் எழுத்து எந்தத் தகவலையும் சொல்வதில்லை. அது காவலுக்கு நிற்கிறது. பின்னால் வரும் பன்னிரண்டு இலக்கங்களை முறையே 2 முதல் 13 வரையான எண்களால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 23-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த எழுத்தைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஐ, ஓ, எஸ் மூன்றும் 1, 0, 5 போலத் தெரியும் என்பதால் நீக்கிவிட்டார்கள். மிஞ்சியவை 23.

23 ஒரு பகா எண் என்பது இங்கே நல்ல பலன் தருகிறது. தட்டச்சு செய்பவர் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால், கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம் 2 முதல் 13 வரையான ஒரு பெருக்கியும் 1 முதல் 9 வரையான ஒரு வேறுபாடும் சேர்ந்த பெருக்கல். 23 அதை மீதியின்றி வகுக்கவே முடியாது. அடுத்தடுத்த இரு இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் வித்தியாசம் 9-க்குள்தான். ஆகவே இந்த இரண்டு வகைத் தவறுகளில் ஒன்றுகூடத் தப்பாது. எழுத்து பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளி அலுவலகத்தில் அவசரத்தில் நிகழும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான். ஒரு பிள்ளையின் சிறப்புத் தேவைக் குறிப்பு இன்னொரு பிள்ளையின் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இந்தச் சின்னக் கணக்கு எவ்வளவு உதவுகிறது என்று நினைத்துப் பார்த்தால், அதை வகுத்தவர்கள் மேல் மரியாதை வருகிறது.

கணக்கைவிட எனக்குப் பிடித்தது அந்த எண்ணுக்கு விதித்த கட்டுப்பாடு. பிள்ளையின் பெயரோடு அதை எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டு திரியக் கூடாது. பள்ளிக்கு வெளியே அடையாள எண்ணாகப் பயன்படுத்தக் கூடாது. அரசுப் பள்ளிக் கல்வி முடிந்ததும் எண்ணின் வாழ்வும் முடிந்துவிடும். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு, பழைய வாழ்க்கையோடு தொடர்பு தெரியாமல் இருக்கப் புது எண் கொடுக்கவும் இடமுண்டு.

இனி வருகைப் பதிவுக்கு வருவோம். கோப்பின் வடிவம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதில் இருப்பதற்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு பள்ளி நாளுக்கு இரண்டு அமர்வுகள். ஆண்டுக்கு 190 நாள், 380 அமர்வுகள். காலையில் வந்தவருக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடு, பிற்பகலில் வந்தவருக்கு மறுபக்கம் சாய்ந்த கோடு. நோய்க்கு 'ஐ', மருத்துவரைப் பார்க்கப் போனால் 'எம்', காரணம் இன்னும் தெரியாவிட்டால் 'என்', அனுமதியில்லாத விடுமுறைப் பயணத்துக்கு 'ஜி'.

தாமதமாக வருபவருக்கு இரண்டு குறியீடுகள். பதிவேட்டை மூடுவதற்குள் வந்துவிட்டால் 'எல்'. மூடிய பிறகு வந்தால் 'யு'. பதிவேடு அரை மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். 'எல்' வருகைக் கணக்கில் சேரும். 'யு' அனுமதியில்லாத வருகையின்மை. பிள்ளை இரண்டு நாளும் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள். ஆனால் ஒரு நாள் வந்தவள், மறுநாள் அந்த அமர்வுக்கு வராதவள். 380-இல் 38 அமர்வுகள் தவறினால், அதாவது 10 விழுக்காட்டை எட்டினால், அவள் 'தொடர்ந்து வராதவர்' பட்டியலில் சேர்க்கப்படுவாள். 2024 ஆகஸ்டிலிருந்து, பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத பத்து அமர்வுகள் சேர்ந்தால், பெற்றோருக்கு அபராதம் விதிப்பதைப் பள்ளி பரிசீலிக்க வேண்டும். 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, அதற்குப் பிறகு 160. அந்தக் கணக்கில் 'ஜி'யும் 'யு'வும் உண்டு, 'எல்' இல்லை.

ஆகவே ஒரு மென்பொருள் 'எல்' என்று அனுப்பியதை இன்னொன்று 'யு' என்று வாங்கிக்கொண்டால், ஒரு வீட்டின் வாராந்திர மளிகைச் செலவு காணாமல் போகும். மென்பொருள் எழுதுபவர்கள் இதைக் குறியீட்டுப் பட்டியல் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில், தரநிலை எழுதும் குழுவின் நேரத்தையெல்லாம் தின்னும் வேலை இதுதான். கம்பி வழியே எழுத்துகளை அனுப்புவது என்றோ தீர்ந்துபோன சிக்கல். ஒன்பது மணி முப்பத்தொன்றுக்கு வகுப்புக்குள் நுழையும் பிள்ளை வந்தவளா வராதவளா என்பதில் எல்லாப் பள்ளிகளும் உடன்படுவதுதான் கடினம். 2024-இல் குறியீடுகளைத் திருத்தியபோது 'க்யூ' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பள்ளிக்கு வந்துசேர உள்ளாட்சி செய்து தர வேண்டிய ஏற்பாடு செய்யப்படாததால் பிள்ளை வர முடியாமல் போனால் அந்தக் குறியீடு. பழி பிள்ளையின் வீட்டில் விழாமல், கடமை தவறியவர் பக்கம் கை காட்டும் எழுத்து. பட்டியலில் ஓர் எழுத்தைக் கூட்டுவதால் நியாயம் எவ்வளவு நகர்கிறது, பாருங்கள்.

அதே 2024-இல், பள்ளிகள் தினசரி வருகைத் தரவைக் கல்வித்துறையோடு பகிர்வதும் கட்டாயமானது. இங்கேதான் எனக்குக் கவலை தொடங்குகிறது. பள்ளியிலிருந்து பள்ளிக்குப் போகும் தரவு வேறு. பள்ளியிலிருந்து அரசுக்குப் போகும் தரவு வேறு. 2002 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியாக மத்தியக் கணக்கெடுப்புக்குப் போய், தேசிய மாணவர் தரவுத்தளத்தில் சேர்கிறது. கல்வித் திட்டமிடலுக்கும் ஆய்வுக்கும் அது பெரும் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2015-இல் கல்வித்துறை உள்துறையோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. குடியேற்றக் கட்டுப்பாட்டுக்காக, மாதம் 1,500 பிள்ளைகள் வரை அவர்களுடைய விவரங்களை உள்துறை கேட்கலாம். அடுத்த ஆண்டின் இலையுதிர்காலக் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் நாட்டுரிமையும் பிறந்த நாடும் புதிதாகக் கேட்கப்பட்டன. சில பள்ளிகள் கடவுச்சீட்டைக் கொண்டுவரச் சொன்னதும் செய்தியானது. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். பலர் பதில் தர மறுத்தார்கள். 2018-இல் அந்தக் கேள்விகள் கைவிடப்பட்டன.

படிப்புக்காகக் கொடுத்த முகவரியை வைத்து வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்தால், விசா நிலை உறுதியில்லாத தாய் என்ன செய்வாள்? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்குவாள்.

இன்னொரு சம்பவத்தில் தவறான எண்ணம்கூடத் தேவைப்படவில்லை. கவனக்குறைவே போதுமானதாக இருந்தது. 14 வயதுக்கு மேற்பட்டவர்களின் தேர்ச்சிகளைப் பதிவு செய்யும் தரவுத்தளம் ஒன்று கல்வித்துறையிடம் இருக்கிறது. பயிற்சி நிறுவனமாகக் கணக்கில் இருந்த ஒரு தனியார் நிறுவனம் அதைத் திறந்து, சூதாட்டத் தளங்களில் கணக்குத் தொடங்குபவர்களின் வயதைச் சரிபார்க்கப் பயன்படுத்த வழி செய்தது. அந்தத் தளத்தில் இருந்தவை 2.8 கோடிப் பேர் வரையிலான விவரங்கள். 2022 நவம்பரில் தகவல் ஆணையர் கல்வித்துறையைக் கண்டித்தார். ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்திருக்க வேண்டிய தவறு. அரசுத் துறை என்பதால் கண்டனத்தோடு நின்றது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அது இன்னும் கனமானது. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பராமரிக்க வேண்டியவர்களின் கொடுமையால் இறந்தாள். மருத்துவமனைகள், சமூக நலத்துறைகள், காவல்துறை எல்லாம் அவளைப் பார்த்திருந்தன. ஒருவரிடம் இருந்த துண்டுத் தகவல் மற்றவரிடம் இருந்ததோடு சேரவில்லை. லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003-இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக, நாட்டின் 1.1 கோடிப் பிள்ளைகளுக்கும் 'காண்டாக்ட்பாயிண்ட்' என்ற தரவுத்தளம் 22.4 கோடிப் பவுண்டு செலவில் உருவானது. பிள்ளையின் பெயர், முகவரி போன்ற அடிப்படை விவரங்களோடு, பள்ளி எது, மருத்துவர் யார், எந்தத் துறை அவளைக் கவனிக்கிறது என்பது மட்டும்தான் அதில். 2009-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தனை பேர் பார்க்கக்கூடிய தளம் பாதுகாப்பானதல்ல என்ற எதிர்ப்பில் 2010 ஆகஸ்டில் மூடப்பட்டது.

2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் மசோதா அந்தப் பழைய கேள்வியை மறுபடி எழுப்பியது. கல்வி, சுகாதாரம், சமூக நலம் எல்லாவற்றிலும் ஒரு பிள்ளைக்கு ஒரே எண். அதற்கு மருத்துவச் சேவையின் என்.எச்.எஸ். எண்ணைப் பரிசீலிக்கிறார்கள். யு.பி.என். எல்லைக்குள் இருக்கப் பிறந்தது. இது எல்லைகளைத் தாண்டுவதற்காகவே வருகிறது. வாழ்நாள் முழுதும் கூடவே வரக்கூடிய எண் அது.

ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்காக இந்த எண் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எந்தெந்த அலுவலர் பார்க்கலாம், எந்தக் காரியத்துக்கு, பார்த்ததை யார் தணிக்கை செய்வார் என்பவை வழிகாட்டுதல் அறிக்கையில் இருந்தால் போதாது, சட்டத்தின் வரியிலேயே இருக்க வேண்டும். குடியேற்றத் துறைக்கு இல்லை என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும். துறைகளுக்கு இடையிலான உடன்படிக்கையை இரண்டு அதிகாரிகளின் கையெழுத்தில் மாற்றிவிடலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில், எல்லோரும் கேட்கும்படி, காரணம் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடியும் அமெரிக்கா: பத்துக் கோடி டாலரோடு 2013-இல் தொடங்கி, பெற்றோரின் எதிர்ப்பால் 2014 ஏப்ரலில் கடையை மூடுவதாக அறிவித்த 'இன்ப்ளூம்'.

(தொடரும்)