உருவிவிட்டால் வலி போகுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து டீக்கடைகளில், தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் பெஞ்சில் உட்காரும்போதே ஒரு கை இடுப்புக்குப் போய்விடும். ‘எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடுமா?’ என்று யாராவது கேட்பார்கள். வலி குறையும். உருவிவிடுவதோடு நிறுத்திக்கொண்டால் திரும்பி வரும். ஏன் என்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில், வலி எங்கிருந்து வருகிறது? தோல் ஷாப்பில் டிரம்மிலிருந்து நனைந்த தோலை இழுக்க வேண்டும், குனிந்து தூக்க வேண்டும், இடுப்பைத் திருப்பிப் பக்கத்தில் அடுக்க வேண்டும். ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்கள் மணிக்கணக்காகக் கழுத்தும் முதுகும் வளைந்து மெஷின்மேல் கவிந்திருக்கிறார்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகள், அது வளையும் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. கையில் உள்ள சுமையோ 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஏற்றத்தின் நீண்ட முனையில் சால் தொங்க, குட்டை முனையைப் பிடித்து இழுப்பது போன்ற வேலை இது. 10 கிலோ தோலைத் தாங்க அந்தத் தசைகள் 100 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. குனிந்த உடம்பின் எடை அதற்கு மேல்.

அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் ஒரு கணக்கு வகுத்தது. எல்லாம் வசதியாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. சுமை உடம்பிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குப் பதில் 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் அந்த அளவு பாதியாகிவிடும். குனிவது, திரும்புவது, பிடி வழுக்குவது ஒவ்வொன்றும் அதை இன்னும் குறைக்கும். நனைந்த தோலைத் தூக்கும்போது இவை எல்லாமே சேர்ந்து வருகின்றன.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். பெரும்பாலோருக்கு, இதனால்தான் வலி என்று ஒரே ஒரு காரணத்தைக் காட்ட முடிவதில்லை. ஸ்கேனில் ‘தேய்மானம்’ என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது தெரியும். நாள்பட்ட வலியில் தசைகள் எப்போதும் காவலுக்கு நிற்பதுபோல் இறுகிக்கொள்கின்றன. நரம்புகளும் சின்ன அசைவைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்கின்றன.

இங்கேதான் உருவிவிடுவது உதவுகிறது. நம் சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று சொல்லி, தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறது. தெரிந்த கை பட்டால் இறுக்கம் தளரும், நரம்பின் பதற்றம் அடங்கும், தூக்கம் வரும். விலகிய டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டதாகச் சொல்பவரை மட்டும் நம்ப வேண்டாம். கை அழுத்தத்தால் அது நடக்காது.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. வாரம் ஒரு முறை, 10 வாரம் மசாஜ் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தேறினார்கள். தசை தசையாகத் தேடி அழுத்தும் நுணுக்கமான முறைக்கும், இதமாக உருவிவிடும் சாதாரண முறைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஓராண்டில் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது. 2015-இல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற ஆய்வாளர் குழுவும், குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, அதற்கான சான்று இன்னும் வலுவாக இல்லை என்றே முடித்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் மசாஜுக்கு இடம் உண்டு. உடற்பயிற்சியோடும், வலியைப் பற்றிய புரிதலோடும் சேர்த்துத்தான். மருந்துக்கடையில் வாங்கிக் கட்டும் இடுப்பு பெல்ட்டை அது பரிந்துரைக்கவில்லை.

ஆகவே, உருவிவிட்டபின் கிடைக்கும் அந்த இதமான நேரத்தை வீணாக்காதீர்கள். அன்றைக்கே கொஞ்சம் நடங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குங்கள். பாயில் நான்கு காலில் நின்று, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிப் பழகுங்கள். வலிக்குப் பயந்து நாள்கணக்கில் படுத்தே இருந்தால் தசை வலுவிழக்கும்.

எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தன்னால் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தொங்குவது ஆகியவை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோ எடை குறைவதோ முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயா என்றும் பார்க்க வேண்டும். கீழே விழுந்தபின் வலிக்கும் இடத்தையும், ஒரு பக்கம் மட்டும் வீங்கிய காலையும் பரிசோதிக்காமல் உருவக் கூடாது.

வலி தணிந்தாலும் திரும்பிப்போவது அதே வேலைக்குத்தான். அதனால் இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. மனிதரை மறுபடி அவர் வாழ்க்கைக்குத் திருப்புவதுதான் அந்த மருத்துவத்தின் நோக்கம். அதற்கு உடம்பைத் தேற்றுவது பாதி வேலை, அவர் திரும்பிப்போகும் இடத்தைத் திருத்துவது மறுபாதி.

அந்த மறுபாதியை மசாஜ் செய்பவரால் செய்ய முடியாது, நிர்வாகத்தால் முடியும். தோல் அடுக்கும் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றலாம். தூக்கும் இடத்தில் தள்ளுவண்டி தரலாம். கனத்த தோலுக்கு இரண்டு பேரை நிறுத்தலாம். ஒரே ஆளை நாள் முழுதும் ஒரே இடத்தில் வைக்காமல் மாற்றிவிடலாம். தையல் பிரிவில் நாற்காலியை ஆளுக்கேற்ற உயரத்துக்குக் கொண்டுவரலாம். காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரம் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 34-ஆம் பிரிவில் சொன்னது. யாருடைய தயவாகவும் இதைக் கேட்க வேண்டியதில்லை.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். மருத்துவர் ஓய்வுச் சான்று தந்து, சந்தாத் தகுதியும் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். வலி எப்போது வருகிறது, எந்த வேலையில் கூடுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதே குறிப்பை மேஸ்திரியிடமும் காட்டுங்கள். ஒரே இடத்தில் வேலை செய்யும் நான்கு பேர் குறிப்பும் ஒரே மாதிரி இருந்தால், எந்தப் பலகையை உயர்த்த வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.