நெகிழ்வுக்கு ஓர் இடம்: ஹாட் ராடின் முன்னச்சும் தொங்கலமைப்பும்

வண்டியின் முன்சக்கரங்களைத் தாங்கும் எந்த அமைப்பும் ஓரிடத்தில் நெகிழ்ந்தே ஆகவேண்டும். ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் ஓடும்போது எழும் உயர வேறுபாட்டை வில்லோ, மூட்டோ, அச்சோ, அடிச்சட்டமோ ஏற்றுக்கொள்கிறது. எது ஏற்க வேண்டும் என்பதை அமைப்பவர் முடிவு செய்யாமல் விட்டால், அங்குள்ளவற்றுள் மிக மெலிந்த உறுப்பு அதனை ஏற்கும். அது பெரும்பாலும் ஒரு பற்றவைப்பாகவோ திருகாணியாகவோ இருக்கும். பழைய ஃபோர்டு வண்டியை ஹாட் ராடாக மாற்றுவோர் முன்னச்சைத் தேர்ந்தெடுக்கும்போது விடை காணவேண்டிய முதல் வினா இதுவே.

தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வளர்ந்த கலை, ஹாட் ராட் கட்டுதல். மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளின் மண்காப்புகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, பொறியின் திறனைக் கூட்டி, மியூராக் படுகையில் இளைஞர்கள் விரைவை அளந்து ஓட்டினர். அவர்களுடைய குழுக்கள் இணைந்து 1937இல் தெற்குக் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. மண்காப்பு நீங்கியதும் முன்னச்சு வெட்டவெளிக்கு வந்தது. எனவே ஹாட் ராடில் அது சுமை தாங்கும் உறுப்பாகவும் கண்ணைக் கவரும் உறுப்பாகவும் ஒருங்கே நிற்கிறது. கண்ணுக்கு மட்டும் பொருத்தம் பார்த்து அச்சை ஒரு வகையிலும் அதன் தண்டுகளை வேறொரு வகையிலும் வாங்கி இணைக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது.

ஃபோர்டின் மூல அமைப்பு

1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாதிரியின் முன்புறம் வியப்பூட்டும் எளிமை உடையது. வண்டியின் குறுக்கே ஒரே ஒரு பட்டைவில். அதன் நடுப்பகுதி அடிச்சட்டத்தின் குறுக்குவிட்டத்தில் இறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் ஷாக்கிள் எனப்படும் தொங்கு இணைப்புகளால் அச்சைப் பற்றியிருக்கும். அச்சின் இரு பக்கங்களிலிருந்தும் பின்னோக்கிச் செல்லும் தண்டுகள் கவைபோல் குவிந்து, பொறித்தொகுதியின் அடியில் ஒரே பந்துமூட்டில் முடியும். பணிமனைகளில் விஷ்போன் என வழங்கும் இக்கவைத்தண்டு, அச்சு முன்பின்னாக நகராமல் தடுப்பதோடு, தடை போடும்போது அச்சு உருளாமலும் காக்கிறது.

இதன் நுட்பம் அந்த ஒற்றைப் பந்துமூட்டில் இருக்கிறது. ஒரு சக்கரம் எவ்வளவு உயர்ந்தாலும் அச்சும் கவையும் ஒரே உறுப்பாக அப்பந்தைச் சுற்றிச் சாய்கின்றன. அச்சில் முறுக்கம் எழுவதில்லை. சட்டத்துக்கும் முறுக்கம் போவதில்லை. வண்டித்தடங்கள் ஆழப் பதிந்த அக்கால மண்சாலைகளுக்கு மிகப் பொருந்திய ஏற்பாடு அது. 1927 இறுதியில் வந்த ஏ மாதிரியும், 1932இன் வி8 வண்டியும் இதனையே பின்பற்றின. 1935இல் வில் அச்சுக்கு முன்னே நகர்த்தப்பட்டது. ஆனாலும் குறுக்குவில் 1948 மாதிரி வரை நீடித்தது. ஏறத்தாழ ஒரே அமைப்பில் இத்தனை ஆண்டுகள் உறுப்புகள் உருவானதால்தான், ஓர் ஆண்டின் அச்சை வேறோர் ஆண்டின் வண்டியில் பொருத்தும் வழக்கம் ஹாட் ராட் கலையில் வேரூன்றியது.

கவையைப் பிளந்தால் நிகழ்வது

பெரிய பொறியையும் புதிய பல்லிணைப் பெட்டியையும் பொருத்தும்போது பந்துமூட்டுக்கு இடம் இல்லாமற் போகிறது. ஆகவே கவையை நடுவே வெட்டி, ஒவ்வொரு தண்டையும் அந்தந்தப் பக்கச் சட்டத்தில் தனித்தனி மூட்டில் இணைக்கின்றனர். கொண்டை ஊசி வடிவில் வளைத்துச் செய்யும் தண்டுகளும் இயக்கத்தில் இதே வகையைச் சேர்ந்தவை.

இங்கே இயக்கம் அடியோடு மாறுகிறது. தண்டு அச்சோடு இறுக்கமாகப் பிணைந்துள்ளது. அதன் பின்முனை தன் பக்கத்து மூட்டைச் சுற்றிச் சுழல்கிறது. தண்டின் நீளம் 900 மி.மீ. என்றும், ஒரு பக்கத்தில் அதன் முன்முனை 50 மி.மீ. உயர்கிறது என்றும் கொள்வோம். அத்தண்டு 3 பாகைக்குச் சற்று மேலாகத் திரும்பும். மறுபக்கத் தண்டு அசையாது நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அச்சு அந்த 3 பாகையையும் தன் உடலில் முறுக்கமாக ஏற்க வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை.

ஏற்குமா என்பதை அச்சின் வெட்டுமுகம் முடிவு செய்கிறது. மேலும் கீழும் பட்டையும் நடுவே தகடும் கொண்ட ஐ-பீம் அச்சு ஒரு திறந்த வடிவம். வளைவை வலுவாக எதிர்க்கும் அது, முறுக்கத்துக்கு எளிதில் இணங்கும். குழாய் அச்சு மூடிய வடிவம். முறுக்கத்துக்கு அது இணங்காது. இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 50 மி.மீ. புறவிட்டமும் 5 மி.மீ. சுவர்த் தடிப்பும் உடைய எஃகுக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகக் கீறிவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். எஃகின் அளவு மாறவில்லை. வடிவம் திறந்துகொண்டது, அவ்வளவே. மூடிய குழாயில் முறுக்கத் தகைவு சுற்றுமுழுதும் தடையின்றி ஓடி எதிர்க்கிறது. கீறிய குழாயில் அது சுவரின் தடிப்புக்குள்ளேயே திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனவே பிளந்த கவையோடும் கொண்டை ஊசித் தண்டுகளோடும் ஐ-பீம் அச்சே இணைய வேண்டும். அங்கே குழாய் அச்சை வைத்தால் முன்புறம் முழுதும் ஒரு தடித்த முறுக்குத் தண்டாகிவிடும். சக்கரம் மேடேறும் ஒவ்வொரு முறையும் அந்த விசை தண்டுகளின் தாங்கிகளையும் பற்றவைப்புகளையும் தாக்கும். களைப்பு வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். ஃபோர்டு நிறுவனமே 1930களின் பிற்பகுதியில் 60 குதிரைத்திறன் வி8 வண்டிகளில் குழாய் அச்சைப் பயன்படுத்தியது. ஆனால் அங்கே கவை பிளக்கப்படாமல் ஒற்றைப் பந்திலேயே நின்றது. அதனால் அச்சு முறுக்கப்படவே இல்லை. அவ்வச்சைப் பெயர்த்தெடுத்தவர்கள் பந்தையும் உடன் கொண்டுவராதபோதுதான் சிக்கல் பிறந்தது.

நான்கு தண்டு அமைப்பு

குழாய் அச்சுக்கு உரிய துணை, பக்கத்துக்கு இரண்டாக அமையும் நான்கு இணைத்தண்டுகள். மேல்தண்டும் கீழ்த்தண்டும் ஒரே நீளமும் ஒரே இடைவெளியும் கொண்டிருப்பதால் பக்கவாட்டில் ஓர் இணைகரம் உருவாகிறது. அச்சின் முனை உயரும்போதும் தாழும்போதும் அது தன் சாய்வை மாற்றிக்கொள்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தாலும் அச்சு முறுக்கப்படாது. நெகிழ்வை இங்கே ஏற்பவை தண்டுமுனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 1,000 கிலோ நிறையுள்ள வண்டியைப் புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கு முடுக்கத்தோடு தடுத்து நிறுத்துவதாகவும், தடைவிசையில் 65 விழுக்காடு முன்சக்கரங்களில் விழுவதாகவும் கொள்வோம். சக்கர ஆரம் 330 மி.மீ. எனில் அச்சை உருட்ட முயலும் திருப்புத்திறன் ஏறத்தாழ 1,470 நியூட்டன் மீட்டர். 900 மி.மீ. நீளமுள்ள பிளந்த கவை இதனைத் தன் பின்மூட்டுகளில், இருபுறமும் சேர்த்து, 1,630 நியூட்டன் அளவிலான செங்குத்து விசையால் தாங்கிவிடும். தண்டுகளுக்கிடையே 150 மி.மீ. மட்டுமே உள்ள நான்கு தண்டு அமைப்பிலோ அதே திருப்புத்திறனைத் தாங்க ஏறத்தாழ 9,800 நியூட்டன் தேவை. இடைவெளி குறுகக் குறுகத் தண்டும் தாங்கியும் பெருஞ்சுமைக்கு ஆளாகும். அழகுக்காகத் தண்டுகளை நெருக்கி வைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐ-பீம் அச்சு இவ்விரு ஏற்பாடுகளிலும் பணியாற்றும். குழாய் அச்சோ நான்கு தண்டுகளோடு அல்லது பிளக்காத கவையோடு மட்டுமே பொருந்தும்.

தாழ்த்துதலும் வில்லும்

ஹாட் ராடின் முகம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது மரபு. வில்லின் பட்டைகளை உருவி எடுத்துத் தாழ்த்துவது எளிய வழி. ஆனால் அதனால் சக்கரம் மேலெழுவதற்கு எஞ்சும் இடைவெளி கரைகிறது. நல்ல வழி, முனைகள் மேல்நோக்கி வளைந்த தாழ்த்திய அச்சு. சக்கரத்தின் சுழல்முனை உயர்த்தப்படுவதால் வில்லின் இயக்கத்தைத் தொடாமலே சட்டம் இறங்குகிறது. 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 100 மி.மீ. தாழ்த்தல் பெருவழக்கு. தொடக்கக் காலத்தில் கொல்லுலையில் பழைய அச்சின் முனைகளைச் சூடேற்றி நீட்டி வளைத்தே இதனைச் செய்தனர்.

வில்லின் மென்மை, வண்டியின் சுமையால் அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைப் பொறுத்தது. 100 மி.மீ. அமிழும் வில்லின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 1.6; 50 மி.மீ. மட்டுமே அமிழ்வதாயின் 2.2. முன்னது உடலுக்கு இதம் தரும், பின்னது உலுக்கும். தாழ்ந்த வண்டியில் இயக்க இடைவெளி குறைவு என்பதால் விறைத்த வில் தவிர்க்க முடியாதது. அதிர்வடக்கிகள் அதற்கேற்பத் தேர்ந்தமைய வேண்டும். ஷாக்கிள்கள் சுமையேறிய நிலையில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிற்க வேண்டும். நேர்க்குத்தாக நின்றால் வண்டி பக்கவாட்டில் ஆடும்.

திசைதிருப்பும் கோணங்கள்

முன்சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமே காஸ்டர். சக்கரங்கள் தாமே நேர்திசைக்கு மீள்வது இதனால்தான். இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் தாங்கும் திண்ணச்சு கொண்ட ஹாட் ராடுகளில் 5 முதல் 7 பாகை வரை வைப்பது வழக்கம். இக்கோணத்தைத் தரையோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். ஏ மாதிரியின் சக்கர இடைத்தொலைவு 103.5 அங்குலம், அதாவது 2,629 மி.மீ. பின்புறத்தை விட முன்புறத்தை 100 மி.மீ. கூடுதலாகத் தாழ்த்தினால் சட்டமே 2 பாகைக்கு மேல் முன்னே சாய்கிறது. காஸ்டரும் அதே அளவு குறைகிறது. ஆகவே சக்கரங்களும் டயர்களும் முடிவான பிறகே தண்டுகளின் தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது, சக்கரம் மேடேறும்போது ஓட்டுநர் திருப்பாமலே அது திரும்பிவிடும் குறை. திசைதிருப்பியிலிருந்து வரும் இழுதண்டும் அச்சும் வெவ்வேறு வட்டவில்களில் நகர்வதே இதற்குக் காரணம். இழுதண்டு வண்டியின் நெடுக்கில் ஓடுமானால் அதன் பின்மூட்டு, கவைத்தண்டின் பின்மூட்டுக்கு மிக அருகில் அமைய வேண்டும். குறுக்கே ஓடுமானால், அச்சைப் பக்கவாட்டில் நிறுத்தும் பன்ஹார்டு தண்டுக்கு இணையாகவும் ஏறத்தாழ அதே நீளத்திலும் இருக்க வேண்டும். குறுக்குத் திருப்பத்தில் பன்ஹார்டு தண்டைத் தவிர்த்தால் ஓட்டுநரின் கைவிசை சக்கரத்தைத் திருப்புமுன் ஷாக்கிள்கள் மேல் அச்சையே நகர்த்தும்.

தனித்தொங்கலின் முறையீடு

அமெரிக்க வண்டிகளில் திண்ணச்சு ஏன் மறைந்தது என்பதையும் எண்ண வேண்டும். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து காடிலாக்குக்கு வந்த பொறியாளர் மாரிஸ் ஓலி, 1930களின் தொடக்கத்தில் முன்வில்களை மென்மையாக்கினால் பயண இதம் பெருகும் என்று கண்டார். ஆனால் மென்வில்லோடு திண்ணச்சு ஒத்துப்போகவில்லை. சுழலும் சக்கரத்தின் அச்சைச் சாய்த்தால் அச்சக்கரம் பக்கவாட்டில் திரும்ப முயலும். திண்ணச்சில் ஒரு சக்கரம் எழுந்தாலே இரண்டும் சாய்கின்றன. இயக்கம் பெரிதாகும்போது இது கட்டுக்கடங்காத உதறலாகிறது. 1934இல் காடிலாக், ஒவ்வொரு முன்சக்கரமும் தனியே இயங்கும் தனித்தொங்கலுக்கு மாறியது. ஃபோர்டு 1949 மாதிரியில்தான் மாறியது.

தனித்தொங்கலை விரும்பும் இன்றைய கட்டுநர்கள், 1974 முதல் 1978 வரை வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் 2 வண்டியின் அடக்கமான முன்னமைப்பைப் பெரிதும் பின்பற்றுகின்றனர். மண்காப்புடன் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்கு அது அறிவுடைய தேர்வு. மண்காப்பற்ற இலகுவான வண்டிக்கோ திண்ணச்சின் மேலுள்ள பழைய குற்றச்சாட்டு வலுவிழக்கிறது. அங்கே வில் விறைத்தது, இயக்கம் குறுகியது, ஆகவே சக்கரங்களின் சாய்வும் சிறிது. திண்ணச்சைத் தோற்கடித்த சூழலே அங்கு இல்லை.

தேர்வின் முறை

ஐ-பீம் அச்சாயின் அடித்துருவாக்கிய எஃகாக இருத்தல் நன்று. பழைய அச்சாயின் காந்தத்துகள் சோதனையால் வெடிப்பு பார்த்தபிறகே பொருத்த வேண்டும். குரோமியப் பூச்சு விரும்புவோர், மின்பூச்சின்போது வலிமைமிகு எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்குதன்மை தரும் என்பதை மறவாமல், பூச்சுக்குப் பின் சூட்டில் வாட்டி அவ்வளியை வெளியேற்றும் கூடத்தையே நாட வேண்டும்.

மண்காப்பற்ற ஏ மாதிரி வண்டிக்கு 4 அங்குலம் தாழ்த்திய ஐ-பீம் அச்சும், நீண்ட பிளந்த கவையும், நெடுக்கு இழுதண்டும் ஒன்றுக்கொன்று இசைந்த தொகுதி. குழாய் அச்சின் உருவமே வேண்டுமெனில் இடைவெளி மிகுந்த நான்கு தண்டுகளும், குறுக்குத் திருப்பமும், பன்ஹார்டு தண்டும் சேர்ந்த தொகுதியை நாடலாம். ஒரு தொகுதியின் உறுப்பை மற்றதில் கலக்கும்போதுதான் கணக்கு தவறுகிறது. வில்லைப் பூட்டுமுன் அச்சை மட்டும் தண்டுகளில் மாட்டி, ஒரு பக்கத்தை மட்டும் கையால் உயர்த்திப் பார்த்தால் தேர்வு சரியா என்பது விளங்கும். நான்கு தண்டு அமைப்பில் அது தங்குதடையின்றி உயர வேண்டும். பிளந்த கவையில் ஐ-பீமின் மென்முறுக்கம் மட்டும் கையில் உணரப்பட வேண்டும். அதற்கு மேல் எங்கேனும் இறுக்கம் தெரிந்தால், பற்றவைப்பை முடிக்காமல் நிறுத்தி, அவ்விறுக்கம் எந்த மூட்டில் பிறக்கிறது என்று முதலில் தேட வேண்டும்.