வண்டியும் குடிபெயர்கிறது

உத்தியோக நிமித்தம் தமிழகத்தினின்றும் தலைநகருக்கு மாற்றலாகி வரும் அன்பர்கள், பாத்திர பண்டங்களை மூட்டை கட்டுவதில் காட்டும் அக்கறையில் பத்திலொரு பங்கையேனும் தம் வண்டியின் காகிதங்களில் காட்டுவதில்லை. இட்லிக் கொப்பரையும் ஊறுகாய் ஜாடியும் உடையாமல் வந்து சேரும். வண்டிக்கு வேண்டிய சான்றிதழ் மட்டும் ஊரிலேயே தங்கிவிடும். நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. ஆதலின் இது உபதேசமன்று, பட்டபின் எழுதுவது.

திருச்சியிலிருந்து மோதி பாக் அரசாங்கக் குடியிருப்புக்கு வந்தபோது, நமது ஸ்கூட்டர் ரயிலில் பார்சலாக வந்தது. பெட்ரோலை அடியோடு வடித்து, சாக்குச் சுற்றி, பதிவுப் புத்தகத்தின் நகலைக் கொடுத்து அனுப்பினோம். அதன் நெற்றியில் இருந்த டி.என்.45 என்னும் எண், முத்துத் தோட்டம் என்று பொருள்படும் இந்த ஊரிலே நமக்கு ஓர் அறிமுகச் சீட்டாகவே இருந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மோதி பாக் பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் வேளையில், முன்பின் அறியாத ஒருவர் எண் பலகையை நோக்கிவிட்டு, "உறையூர்ப் பக்கமா, கோட்டைப் பக்கமா?" என்று வினவுவார். அப்பால் பேச்சு வளர்ந்து, வெற்றிலை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பது வரை செல்லும். அந்த எண்ணை மாற்றிக்கொள்ள மனம் வராமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஒளிப்பானேன்?

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு இந்தியா முழுவதும் மறுபதிவு வேண்டியதில்லை. இதைக் கேட்டவுடன் பலரும் நிம்மதியடைந்து, அடுத்த பிரிவைப் படியாது விடுகின்றனர். 47ஆம் பிரிவோ, வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்படும் வண்டிக்கு அம்மாநிலத்தின் புதிய எண்ணைக் கோரி விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு தனியே கூறும். ஆக, சென்னையிலிருந்து வந்த மறுநாளே வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சமும் தவறு. ஐந்தாண்டு கழித்தும் ஒன்றும் ஆகாது என்ற துணிவும் தவறு.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்போருக்கு விடை நமது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மோட்டார் வண்டிகளைப் பற்றிய சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொதுவான பட்டியலில் 35ஆவது இனம். வண்டி வரியோ மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். பதிவு நாடு முழுவதும் செல்லும், வரி செல்லாது. தமிழகத்தில் ஆயுட்கால வரி கட்டிய வண்டி தில்லிச் சாலையில் நிரந்தரமாக ஓடத் தொடங்கினால், தில்லி தன் வரியைக் கேட்கிறது. எண் மாற்றம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் வரி மாற்றமே.

நாம் பதினோராவது மாதத்தில்தான் விழித்துக்கொண்டோம். பழைய பதிவதிகாரியிடம் ஆட்சேபணையின்மைச் சான்றிதழ் பெறவேண்டும். அதற்கு 28ஆம் எண் படிவம். வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் காகிதத்தில் பதிவெடுத்து ஒட்டவேண்டும் என்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் புல்தரையில் ஸ்கூட்டரைச் சாய்த்து, மெல்லிய தாளை அவ்வெண்ணின்மீது வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். முதல் மூன்று தாள்களில் துருவின் உருவமே பதிந்தது. சுற்றி நின்ற சிறுவர்கள் இதை ஒரு வேடிக்கையாகவே கண்டு களித்தனர்.

இடையூறு வேறிடத்திலிருந்து வந்தது. வண்டிக் கடன் அடைந்து மூன்றாண்டு ஆகியிருந்தும், பதிவுப் புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்ததும் 35ஆம் எண் படிவத்தில் அவர்கள் கையொப்பம் பெற்று அக்குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். படிவம் நமக்கு வந்திருந்தது. அதை எங்கோ வைத்திருந்தோம். திருச்சியிலிருந்து மைத்துனர் தொலைபேசியில், "அத்தான், பரண்மேல் இருந்த இரண்டு பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன், இல்லை" என்றபோது நமது இல்லாள் பேசிய வார்த்தைகள் அச்சேறத் தக்கவை அல்ல. புதிய படிவத்துக்காக நாமே விடுப்பெடுத்து ஊருக்குப் போக நேர்ந்தது. போக வர ரயிலிலேயே நான்கு நாட்கள். திருச்சியில் வேலை முடிந்ததோ ஒரு முற்பகலில்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் வாழும் அன்பர் ஒருவர், காரியாலயத்துக்கு வெளியே நின்ற தரகர் ஒருவரிடம் பணமும் காகிதமும் ஒப்படைத்தார். சான்றிதழ் என்று ஒரு தாள் அழகாக வந்தது. தில்லியில் கொடுத்தபோது கணினிப் பதிவேட்டில் அப்படியொரு சான்றிதழே இல்லை. நான்கு மாதங்கள் அவருக்கு வீணாயின. இப்போது மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் விண்ணப்பத்தையும் அதன் நிலையையும் நாமே காணலாம். அங்கே ஏறாத சான்றிதழைச் சான்றிதழாகக் கொள்ளற்க. விண்ணப்பம் பெற்ற 30 நாட்களுக்குள் பதிவதிகாரி மறுப்பைத் தெரிவிக்காவிடில், ஆட்சேபணையின்மை வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று 48ஆம் பிரிவு கூறுவதும் பலருக்குத் தெரியாது.

சான்றிதழ் கைக்கு வந்தபின் தில்லியில் நடந்தவை அத்துணைக் கடினமல்ல. 27ஆம் எண் படிவம், காப்புறுதி, புகைச் சான்று, முகவரிக்கு வீடு ஒதுக்கீட்டுக் கடிதம், களவு வண்டியன்று என்பதற்கான குற்றப்பதிவேட்டு அறிக்கை ஆகியவற்றைக் கொடுத்து, வண்டியையும் காட்டி, வரியைக் கட்டினோம். 2021 ஆகஸ்டு முதல் தில்லிப் போக்குவரத்துத் துறை பல காரியங்களை நேரில் வாராமலே முடிக்க வகை செய்திருப்பினும், அயல் மாநில வண்டியை ஒருமுறை கண்ணால் பார்த்தே எண் தந்தார்கள். எண் மாறியதும் காப்புறுதிப் பத்திரத்திலும் அதை மாற்றிக்கொள்க. கார் வைத்திருப்போர் சுங்கச்சாவடி வில்லையையும் மறவற்க. விபத்து நேர்ந்தபின் பத்திரத்தில் ஓர் எண்ணும் பலகையில் ஓர் எண்ணுமாக நிற்பது பெருந்துன்பம்.

டீசல் கார் வைத்திருப்போர் மூட்டை கட்டுமுன் நன்கு யோசிப்பது நலம். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் இட்ட ஆணைகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அந்நீதிமன்றமே இடைக்காலமாகப் பணித்தது. பின்பு அப்பணிப்பும் திருத்தம் கண்டது. இவ்வாறு நிலை மாறிக்கொண்டே இருப்பதால், வரும் சமயத்தில் நடப்பிலுள்ள உத்தரவைக் கேட்டறிந்து வருக. நமது எண்ணம் யாதெனில், எட்டு வயதான டீசல் காரை ஊரிலேயே விற்றுவிட்டு வருவதே மேல்.

மத்திய சர்க்கார் ஊழியர் நிறைந்த மோதி பாக்கில் பாரத் வரிசை எண்ணைப் பற்றி இன்னும் பலர் அறியாதிருப்பது வியப்பே. 2021 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த இந்த பி.எச். வரிசை, படையினர், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவனத்தார், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய தனியார் நிறுவனத்தார் ஆகியோரின் சொந்த வண்டிகளுக்கு உரியது. ஆயுட்கால வரிக்குப் பதிலாக ஈராண்டுக்கோ அதன் மடங்குகளுக்கோ வரி கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. முதலில் புது வண்டிகளுக்கே இருந்த இவ்வசதி, 2022 டிசம்பரில் செய்த திருத்தத்தால் ஏற்கெனவே பதிவான வண்டிகளுக்கும் திறக்கப்பட்டது. நமக்கு இது தெரிந்த வேளையில் தில்லி எண் பலகையைப் பூட்டி முடித்திருந்தோம்.

இனிப் பணத்தின் கதை. தில்லியில் வரி கட்டியதும் காரியம் முடிந்தது என்று எண்ணி இருந்துவிடுவோர் மிகப் பலர். ஊரில் கட்டிய ஆயுட்கால வரியில், வண்டி வெளியேறியபின் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. புதிய பதிவுப் புத்தகத்தின் நகலையும், தில்லியில் வரி கட்டிய ரசீதையும், பழைய வரி ரசீதையும் இணைத்துப் பழைய காரியாலயத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். கேளாதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை. முதலில் தில்லிக்குக் கட்ட வேண்டும், பிறகே அங்கிருந்து பெற வேண்டும் என்ற வரிசையால், ஒற்றைச் சம்பளக் குடும்பம் சில மாதங்கள் இரு வரிகளையும் சுமக்க நேர்கிறது. அதையும் மாற்றல் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிக்கொள்வது நன்று.

நாம் பழைய வரி ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தோம். அந்த ஒரு காகிதமேனும் தப்பியது. விண்ணப்பம் சென்று ஏழு மாதம் கழித்துத் தொகை வங்கிக் கணக்கில் ஏறியது. ஒரு மாத மளிகைக்குக் காணும். திருச்சி எண் பலகையைக் கழற்றியபோது எறிய மனமின்றி இல்லாள் வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது அது மாடி முகப்பில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அண்டையாக நிற்கிறது. தெருவில் போகும் தமிழன்பர் சிலர் அதைக் கண்டு நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊர்?" என்று இன்னும் கேட்கிறார்கள்.