ஒரு நகரம், எழுபத்தைந்து தாள்கள்

காமிராவும் கையுமாக நியூயார்க் நகரத்தின் வீதிகளில் திரிந்து, கடைகளின் கண்ணாடி முகப்புகளையும் தொலைபேசிக் கூண்டுகளையும் படம்பிடித்து, அப்படங்கள் பலவற்றிலிருந்து வேண்டியதை வேண்டியவாறு எடுத்து ஒரே காட்சியாக இசைத்துச் சித்திரம் தீட்டியவர் ரிச்சர்ட் எஸ்டீஸ். 1932-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் பிறந்து சிகாகோவில் ஓவியம் பயின்ற இவரைப் புகைப்பட யதார்த்த ஓவியர்களின் முன்னணியில் வைத்துப் பேசுவது வழக்கம். ஆயினும், புகைப்படத்தை அப்படியே நகல் எடுப்பவர் என்று எண்ணிவிடலாகாது. காமிரா ஒரு தூரத்தைத் தெளிவாகக் கண்டால் மற்றொன்றை மங்க விட்டுவிடும். எஸ்டீஸின் சித்திரத்திலோ, அருகிலுள்ள கதவின் கைப்பிடியும், கண்ணாடியில் இடவலம் மாறிப் பிரதிபலிக்கும் எதிர்வரிசைக் கட்டிடங்களும் ஒரே கூர்மையுடன் விளங்குகின்றன. மனித சஞ்சாரம் மட்டும் பெரும்பாலும் அபூர்வம்.

இத்தகைய நகரக் காட்சிகள் எட்டினை 1972-இல் அவர் அச்சுச் சித்திரத் தொகுதியாக்கினார். நியூயார்க்கின் பாரசால் பிரஸ் வெளியிட்ட அதனை அச்சிட்டுத் தந்தது, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரைச் சார்ந்த டோம்பெர்கர் அச்சகம். ஒவ்வொரு சித்திரத்துக்கும் பிரதிகள் 75.

முறை என்னவோ நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் பனியனும் அச்சாகும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில், வர்ணம் இறங்க வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, மை வார்த்து ரப்பர்ப் பட்டையால் இழுத்தால், திறந்த இடங்களின் வழியே மை தாளில் பதியும். ஒரு வர்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். பத்திரிகைக்கு இரண்டு வர்ணம் போதும். வானத்தையும் எஃகையும் ஒருங்கே ஏந்தி நிற்கும் கண்ணாடிக்கோ, ஒன்றுக்கொன்று இம்மியளவே வேறுபட்ட சாம்பலும் நீலமுமாகப் பல வர்ணங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே அடுத்தது. காற்றின் ஈரத்தால் தாள் சற்றே விரிந்தாலும் வர்ணம் இடம் தப்பிவிடும். ஆகவே, இடையில் கெடுவதை உத்தேசித்து, தேவைக்கு மேற்பட்ட தாள்களோடுதான் இவ்வேலையைத் தொடங்குவார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயமே. எங்கோ தொங்கும் மூல ஓவியத்தின் நகல்களா இவை? அல்ல. அச்சுக்கென்றே உருவாகி, எல்லா வர்ணங்களும் தாளின்மீது ஒன்றுசேரும்போதுதான் முதன்முதலாகப் பூர்த்தியடையும் சித்திரமாதலால், எழுபத்தைந்தும் மூலமே.

எழுபத்தைந்தோடு நிறுத்துவானேன்? செப்புத்தகட்டில் கீறி அச்சிடும் பழைய முறைகளில் தகடு தேய்ந்து கோடுகள் மங்குமாதலால் இயற்கையே ஓர் எல்லை வகுத்திருந்தது. ஸ்கிரீனோ ஆயிரக்கணக்கில் அச்சிடவும் தாங்கும். ஆகையால் இவ்வெல்லை மனிதர்கள் மனமறிந்து இட்டுக்கொண்டது. இதில் வியாபார நோக்கம் இல்லையென்று சொல்ல நான் துணியமாட்டேன்; எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும். ஆனால், எழுபத்தைந்து தாள்களையும் ஓவியரே பரிசீலித்து, குறையுள்ளவற்றைத் தள்ளிக் கையொப்பமிட முடியும்; எழுபத்தையாயிரத்தை எவர் பார்ப்பது?

இவ்வகை அச்சுக்களின் அடியோரத்தில் பென்சிலால் 12/75 என்று எழுதியிருந்தால், எழுபத்தைந்தில் பன்னிரண்டாவது என்று பொருள். அது அச்சான வரிசையைக் குறிப்பதாகவே பலரும் கருதுகிறார்கள். ஆனால், இத்தனை ஸ்கிரீன்களுக்கு இடையே தாள்கள் முன்னும் பின்னுமாக மாறிவிட, எண்ணிடுவதோ எல்லாம் முடிந்த பிறகு. அப்படியிருந்தும், முதலாம் எண்ணுக்கென்று அதிக விலை கொடுக்கச் சித்தமாயிருக்கும் ரசிகர்களுக்குக் குறைவில்லை.