எதிர் நாற்காலியில் யாரோ

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த வரிசை தெரியும். 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் சிறிய இடம்தான். காத்திருந்துதான் உள்ளே போக முடியும். பெயரில்தான் மெட்ராஸ், நடத்துவது கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு அருகே 1942-இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கும் அப்படித்தான். தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு ரயிலேறிய நம் பிரம்மச்சாரிகளுக்குச் சாப்பாடும் காபியும் தந்து ஆதரித்தவர்களில் உடுப்பிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே தனி மேசை கேட்க முடியாது. இரண்டு பேராகப் போனால் எதிரே முன்பின் தெரியாத இருவர் வந்து உட்காருவார்கள். டவராவில் காபியை ஆற்றும் நேரத்துக்குள் “சாருக்கு எந்த ஊர்?” என்ற கேள்வி வந்துவிடும். காலி அறை, வேலைக்கு ஆள், பெண்ணுக்கு வரன் என்று பல காரியங்கள் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கின.

இன்று நம் குடும்பங்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று பரவிவிட்டன. மாதம் ஒருமுறை காபிப்பொடி வாங்க வரும்போது பிள்ளைகளையும் அழைத்து வருகிறோம். அவர்கள் கண்ணோ செல்போனில். எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாமல் எழுந்து வருகிறார்கள்.

அடுத்த முறை நாமே பேச்சைத் தொடங்குவோம். எதிரே இருப்பவர் மராட்டியர் என்றால் மராத்தியில் கேட்போம், கேள்வி அதேதான். காபி முடிந்ததும் எழுந்துவிடுவோம். வாசலில் இன்னொரு குடும்பம் காத்திருக்கும்.