தொடக்கப் பள்ளியில் உழவரும் ஆசிரியரே

நம் கிராமங்களில் வயல் வரப்பைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர். ஆனால், விதை, மண், பூச்சி ஆகியவற்றை அவர்கள் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்தே படிக்கின்றனர். கையால் செய்து கற்றதே மனத்தில் நிலைக்கும். இதனை வலியுறுத்தியே காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டு வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின்முன் வைத்தார்.

இயற்கைப் பாடத்தைச் செய்து காட்ட ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய உழவர் ஒருவர் போதும். தலைமை ஆசிரியரின் இசைவைப் பெற்று, கீழ்க்காணும் மூன்று பாடங்களை நடத்தலாம்.

விதைப் பாடம்

பாசிப்பயறு விதைகள் 100 எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியில் பத்துப் பத்தாக அடுக்கி, தளரச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். ஈரம் காயாமல் நாள்தோறும் நீர் தெளிப்பது பிள்ளைகளின் பொறுப்பு. 8-ஆம் நாள் பிரித்து, வேரும் தண்டும் நன்கு வளர்ந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும். சான்று பெற்ற பாசிப்பயறு விதைக்குக் குறைந்த அளவு முளைப்புத்திறன் 75 விழுக்காடு. இப்பாடத்திலேயே விழுக்காட்டுக் கணக்கும் விளங்கிவிடும். மருந்து கலந்த விதையை ஒருபோதும் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது.

மண் பாடம்

கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு வயல் மண்ணை இட்டு, நீர் ஊற்றி மூடி, நன்கு குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும். வண்டல் படியச் சில மணி நேரமும், களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மணற்பாங்கான மண்ணையும் கரிசல் மண்ணையும் இவ்வாறு அருகருகே வைத்தால், எந்த நிலத்தில் நீர் விரைவில் வடியும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவர்.

பூச்சிப் பாடம்

மருந்து தெளிக்காத செடியில் அசுவினி மொய்த்த கொத்து ஒன்றைப் பறித்து வந்து, பூதக்கண்ணாடியில் பார்க்கச் செய்ய வேண்டும். பூச்சிக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு என்பதை அவர்களே எண்ணிக் கண்டுகொள்ளட்டும்.

நான் ஒரு பள்ளியில் இப்பாடத்தை நடத்தியபோது, கருநிறத்தில் முள் முள்ளாக இருந்த புழுவைக் காட்டி, "இதற்குத்தான் எங்கள் அப்பா மருந்தடித்தார்" என்றான் ஒரு சிறுவன். அது பொறிவண்டின் புழு. அப்புழு அசுவினியைப் பிடித்துத் தின்பதை அவன் நெடுநேரம் பார்த்தான். மறுவாரம் அவனுடைய தந்தை என்னிடம் வந்து, தம் வயலில் உள்ள பூச்சிகளில் எவை நன்மை செய்பவை என்று கேட்டார். மகன் கற்ற பாடம் வயலுக்கே வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை

நாம் பேசுவதைக் குறைத்து, பிள்ளைகளைச் செய்ய விட வேண்டும். கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அடுத்த முறை கேட்டு வந்து சொல்வதில் தவறில்லை. பாடம் முடிந்ததும் அனைவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பட்டம் பார்த்து விதைப்பதைப்போல் கற்பிப்பதற்கும் பருவம் உண்டு. தொடக்கப் பள்ளிப் பருவமே அதற்கு ஏற்றது. உழவர் பெருமக்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாதம் ஒரு மணி நேரத்தை வழங்க முன்வர வேண்டும்.